சுவருக்கு முன்னால் ஒரு மாயக்கதவு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சௌக்கியம். உங்கள் முட்டி வலி எப்படி இருக்கிறது? தைலம் தேய்க்கச் சோம்பல்படாதீர்கள்.

நீங்கள் டப்பிங்கில் பார்க்கும் மாயாஜால சீரியலில், ரொட்டிக்கடைக் கதவைத் திறந்தால் ராணியின் காடு வருமே, அந்தக் கதவு நான் செய்தது. ரொட்டிக்கடை நிஜத் தெருவில் இருக்கிறது. காடு எங்கள் ஸ்டூடியோ கொட்டகைக்குள். இரண்டு இடத்திலும் ஒரே மாதிரிக் கதவு. காட்டுக் கதவுக்குப் பின்னால் ஆள் நிற்க ஒரு முழ இடம், அப்புறம் செங்கல் சுவர்.

நேற்று ஒரு வேடிக்கை. மத்தியானம் அந்தக் கதவுக்குக் கீல் மாற்றிக்கொண்டிருந்தேன். நான் உள்ளே இருப்பது தெரியாமல் கொட்டகையைப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்கள். கத்திக் கத்தித் தொண்டை காய்ந்ததுதான் மிச்சம். கடைசியில் காட்டுக் கதவைத் திறந்து சுவரைத் தள்ளிப் பார்த்தேன். வாட்ச்மேன் வந்தபோதும் தள்ளிக்கொண்டுதான் இருந்தேனாம். அவர் சிரித்தார்.

"நீங்க செஞ்ச கதவுதானே மேஸ்திரி, பின்னாடி ஒண்ணுமில்லன்னு தெரியாதா?"

தெரியும் அம்மா.

பாஸ்போர்ட் மேனேஜரிடம் பத்திரமாக இருக்கிறது. ஊருக்குப் போகக் கேட்டால், "கதை முடியட்டும்" என்கிறார். ஜனங்கள் விரும்பிப் பார்ப்பதால் கதையை ஜவ்வு மாதிரி இழுக்கிறார்கள். நீங்களாவது கொஞ்ச நாள் பார்க்காமல் இருங்கள்.

ஒரு சின்ன வேலை. நம் வீட்டு வாசல் கதவுக்கு இன்னொரு சாவி செய்து அனுப்புங்கள். நான் வரும்போது நீங்கள் முட்டி வலியோடு எழுந்து வர வேண்டாம்.

கூப்பிடுகிறார்கள். ராணிக்கு இன்னொரு கதவு வேண்டுமாம்.

உங்கள் மகன்