மருந்தக்கா என்று உன்னை அழைத்தவர்கள்

இன்று காலை கடை மேசையின் இழுப்பறையில் கம்பியின் தடிமன் பார்க்கும் கேஜைத் தேடிக்கொண்டிருந்தேன். கையில் சிக்கியது நீல நாடாவில் தொங்கும் அந்த அட்டை. அதில் உன் பெயர் அச்சாகியிருக்கிறது. அதன் கீழே, சற்றுப் பெரிய எழுத்தில், மருந்தக்கா. ஒரு நாள் முழுக்க அந்த அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சென்னையில் உட்கார்ந்திருந்தவன் நான். வந்ததும் கண்ணில் படக்கூடாது என்று இழுப்பறையின் அடியில் தள்ளிவிட்டேன். அங்கே நான் செய்துவிட்டு வந்ததை இதுவரை ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நீ போய் ஒரு மாதம் ஆகியிருக்கும். உன் போனை அணைக்க மனமில்லாமல் கடையிலேயே சார்ஜில் வைத்திருந்தேன். ஒரு நாள், கரும்புத் தோட்டத்து மோட்டார் ஒன்றுக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. யாரோ ஓர் ஆண் குரல்.

"மருந்தக்கா இருக்காங்களா?"

"ராங் நம்பர்" என்று வைத்துவிட்டேன். மறுபடியும் அடித்தது. இந்த முறை உன் பெயரைச் சொல்லிக் கேட்டான். நான் நடந்ததைச் சொன்னேன். மலை மேல் சுகாதார நிலையத்தில் மாத்திரை எடுத்துக் கொடுத்துக்கொண்டே நீ சாய்ந்தது, மூளையில் ரத்தக் கசிவு என்றது, மூன்றாம் நாள் நீ போனது. அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் கேட்டது. எனக்கு எரிச்சல் வந்தது. என் மனைவிக்காக அழ இவன் யார்?

அவன் பெயர் முரளி. சென்னையில் ஒரு சின்ன நிறுவனத்தில் கம்ப்யூட்டர் விளையாட்டு உருவாக்குகிறவன். அவர்கள் உருவாக்கும் போர் வியூக விளையாட்டை நீ நான்கு வருஷமாக ஆடிப் பார்த்துக் குறை சொல்லிக்கொண்டிருந்தாய் என்று அவன்தான் எனக்குச் சொன்னான். தையில் அவர்கள் இடத்திலேயே முன்னோட்ட நிகழ்ச்சி. வெளியிடுவதற்கு முன் பத்திரிகைக்காரர்களும் யூடியூப்காரர்களும் வந்து ஆடிப் பார்ப்பார்களாம். "அக்காவத்தான் முதல்ல கூப்பிட இருந்தோம். அவங்களுக்குப் பதிலா நீங்க வாங்க சார்."

சேலத்தில் படிக்கிற நம் மகளைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. "அம்மா சொல்லிக்கினுதான்பா இருந்தாங்க. நீங்கதான் காதுல வாங்கல" என்றாள்.

வாங்கவில்லைதான். உன் பஸ் பயணம் எனக்குத் தெரியும். காலையில் கச்சிராயபாளையத்தில் ஏறினால் ஜன்னலோரம் உட்கார்ந்து போனைக் குனிந்து பார்ப்பாய். அணை தாண்டி மலை ஏறத் தொடங்கினால் சிக்னல் போய்விடும். மேலே வெள்ளிமலையில் இறங்கினால்தான் திரும்ப வரும். ஆனால் அந்த விளையாட்டில் நீ ஒரு காயை நகர்த்திவிட்டால், எதிராளி எப்போது வேண்டுமானாலும் பதிலுக்கு நகர்த்தலாமாம். அடிவாரத்தில் நகர்த்திவிட்டு ஏறுவாயாம், மேலே போனதும் முரளியின் பதில் காத்திருக்குமாம். பஸ்ஸில் நீ தனியாகப் போய் வருகிறாய் என்று நான் எத்தனை நாள் பாவப்பட்டிருக்கிறேன்!

எனக்கும் ஒரு தடவை சொல்லிக் கொடுக்கப் பார்த்தாய். கரண்ட் இல்லாமல் கடை பூட்டியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. "ஒரே ஒரு ஆட்டம்ங்க" என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய். நான் இருக்கிற வீரர்களையெல்லாம் முன்னால் தள்ளினேன். பத்து நிமிஷத்தில் தோற்கிற நிலைக்கு வந்துவிட்டது. நீ சிரித்தாய். "சோறு அனுப்பாம படைய அனுப்பினா அது எதிரியப் பாக்காதுங்க, திரும்பி வூட்டத்தான் பாக்கும்." சிரித்தது எனக்குப் பிடிக்கவில்லை. "இன்னா பொம்மையாட்டம் இது, வேலவெட்டி இல்லாதவங்களுக்கு" என்று போனைக் கட்டிலில் போட்டுவிட்டு எழுந்தேன். சட்டை மாட்டிக்கொண்டு வெளியே வரும்போது பார்த்தேன். தோற்கவிருந்த என் ஆட்டத்தை நீ எடுத்து ஆடிக்கொண்டிருந்தாய். உன் முகத்தைப் பார்த்தால் ஜெயித்துவிடுவாய் என்று தெரிந்தது. அதன் பிறகு நீ என்னைக் கூப்பிடவே இல்லை.

சென்னையில் அந்த இடம் மூன்றாவது மாடியில் இருந்தது. வாசலில் ஒரு பெண் என் கழுத்தில் அட்டையை மாட்டிவிட்டு உள்ளே திரும்பிச் சத்தமாகச் சொன்னாள்: "மருந்தக்காவோட சார் வந்துட்டாங்க!" இத்தனை வருஷம் நீதான் மோட்டார்காரர் சம்சாரம். அன்றைக்கு நான் உன்னுடைய சார். நான்கைந்து பேர் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருத்தி, நீ மழைக்காலத்துக்கு முன்பே மேலே மருந்து ஏற்றி வைக்கிற கணக்கை வைத்துத்தான் இந்த விளையாட்டில் தானியக் கிடங்கையே திருத்தினோம் என்றாள். மழையில் பாதை அடைபட்டால் எத்தனை நாளைக்கு எத்தனை மூட்டை தாங்கும், எந்தக் கிராமத்துக்கு முதலில் அனுப்பவேண்டும், எல்லாம் நீ சொன்னதாம். உனக்கு அந்தத் திறமை உண்டு என்று எனக்கு ஒருவரும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

கூடம் முழுக்கக் கம்ப்யூட்டர்கள், காமிரா வைத்திருக்கும் தாடிக்காரப் பிள்ளைகள், பற்களைக் கிட்டவைக்கும் ஏசி. முரளி முன்னால் போய்ப் பேசினான். என்னைவிட ஐந்தாறு வயது இளையவனாக இருப்பான். காதோரம் நரைத்த, ஒல்லியான மனிதன். திரையில் மலைகள் விரிந்தன. மூன்று மலைத்தலைவர்களும் ஒரு சமவெளி அரசனும் மோதுகிற கதை. பேச்சின் முடிவில் திரையில் உன் பட்டப்பெயர் மட்டும் பெரிதாக வந்தது. எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். பெருமைப்பட்டிருக்கவேண்டும். எனக்கு வயிறுதான் எரிந்தது. நான் உன் பெயரை எதில் எழுதினேன்? கடைக்குக்கூட என் அப்பா பெயர்தான்.

ஆளுக்கு ஒரு கம்ப்யூட்டர் கொடுத்து ஆடச் சொன்னார்கள். நான் இரண்டு தடவை தோற்றேன். முரளி வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "அக்கா இந்த இடத்துல சும்மா காத்துக்கிட்டே இருப்பாங்க சார், நமக்குத்தான் பொறுமை போயிடும்" என்றான்.

"அவளுக்குப் பொறும ஜாஸ்தின்னு யாரு சொன்னது? பால் பொங்கற வரைக்கும் நிக்கமாட்டா" என்றேன்.

அவன் சிரித்தான். "வாய்ஸ்ல பேசும்போது பாட்டு பாடிக்கிட்டே ஆடுவாங்க."

நீ பாடுவாயா? எனக்குத் தெரியாது. விட்டுக் கொடுக்காமல், "பல்லியக் கண்டா கட்டில் மேல ஏறிடுவா, தெரியுமா?" என்றேன். "ரசத்துக்குத் தொட்டுக்க ஊறுகா கூடாது, பச்ச வெங்காயந்தான். தெரியுமா?" தெரியாது தெரியாது என்று அவன் தலையாட்ட ஆட்ட எனக்குக் கொஞ்சம் ஆறியது. இரண்டு ஆண்கள் அப்படி ஓர் ஓரத்தில் உட்கார்ந்து உன்னைப் பங்கு போட்டுக்கொண்டோம். தப்பாக எதுவும் நினைத்தேனா என்று நீ கேட்பாய். ஒரு நிமிஷம் நினைத்தேன். அவன் முகத்தைப் பார்த்ததும் அது போய்விட்டது. பொறாமை போகவில்லை.

கடைசியில் கேட்டேவிட்டேன். "என்னப் பத்தி ஏதாச்சும் சொல்லுவாளா தம்பி?"

பொய் சொல்லியிருக்கலாம். யோசித்தான். "அதிகமா சொன்னதில்ல சார். ஞாயித்துக்கிழமை ரெண்டு மணிக்கு எல்லாரும் சேர்ந்து ஆடுவோம். நாலு மணியானா, 'அவரு டீக்கு வந்துடுவாரு'ன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. அவ்ளோதான்."

ஞாயிறு நான்கு மணிக்குக் கடையிலிருந்து வருவேன். டீ தயாராக இருக்கும். நான் வருவேன் என்று எழுந்தாயா, நான் வந்துவிடுவேனே என்று எழுந்தாயா? இதை இனி யாரிடம் கேட்பேன்?

பிறகுதான் அவன் தன் போனை எடுத்துக் காட்டினான். நீங்கள் இருவரும் எட்டு மாதமாக ஆடிக்கொண்டிருந்த ஒரே ஆட்டம். பாதியில் நின்றிருந்தது. "இது அக்காவோட முறை சார். எனக்கு முடிக்க மனசே வரல. உங்களுக்குத் தோணினா ஒரு தடவை நகர்த்துங்க. அவங்க போன்ல வரும்."

உன் போன் என் சட்டைப்பையில்தான் இருந்தது. திறந்தேன். உன் தலைவன் மலை உச்சிக் கோட்டைக்குள் பத்திரமாக இருந்தான். அவன் விழுந்தால் ஆட்டம் முடிந்தது. சுற்றிலும் நீ எட்டு மாதமாகப் பார்த்துப் பார்த்து அடுக்கிய காவல். எனக்கு ஆடத்தெரியாது என்று சொல்லித் தப்பிக்கமாட்டேன். அன்று காலையிலிருந்து தோற்றுத் தோற்று, எந்த நகர்வு தற்கொலை என்று தெரிகிற அளவுக்குக் கற்றிருந்தேன். இவனுக்கும் உனக்கும் நடுவில் இன்னும் ஒன்று முடியாமல் கிடக்கிறது, நான் செத்தாலும் கிடக்கும் என்றுதான் அப்போது தோன்றியது. தலைவனைக் கோட்டைக்கு வெளியே, திறந்த வெளியில் கொண்டுவந்து நிறுத்தினேன்.

முரளி திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "அக்கா இப்படிப் போடமாட்டாங்க சார்."

"தெரியும்" என்றேன்.

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். புரிந்துவிட்டது. தன் போனில் விரலை வைத்தான். உன் தலைவன் விழுந்தான். "முடிஞ்சிடுச்சி சார்" என்று சொல்லிவிட்டு எழுந்து முகம் கழுவப் போனான்.

ஊர் திரும்பும் பஸ் திண்டிவனம் தாண்டும்வரை சந்தோஷமாகத்தான் இருந்தேன். உளுந்தூர்பேட்டையில் டீக்கு நிறுத்தினார்கள். இறங்கினேன், குடிக்கமுடியவில்லை. நான் ஜெயித்தது அவனை அல்ல. உன் எட்டு மாதத்தை, உன் கையாலேயே தோற்கடித்துவிட்டு வந்திருக்கிறேன்.

ஒரு வாரம் கழித்து நானே அவனைக் கூப்பிட்டேன். "நான் பண்ணது தப்பு தம்பி. வயித்தெரிச்சல்ல பண்ணிட்டேன்."

"எனக்கும் உங்க மேல வயித்தெரிச்சல்தான் சார்" என்றான். "இருபது வருஷம் பக்கத்துல இருந்து பாத்திருக்கீங்க. எங்களுக்கு வாரத்துக்கு ரெண்டு மணி நேரம்."

அவன் அந்த ஆட்டத்தின் எல்லா நகர்வுகளையும் முதலிலிருந்து பார்க்கிற மாதிரி எனக்கு அனுப்பினான். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கடையில் உட்கார்ந்து ஒன்றிரண்டாகப் பார்த்தேன். பங்குனி பிறக்கிறவரை பார்த்தேன். ஒரு கிராமத்தை வேண்டுமென்றே விட்டுக்கொடுத்து, அவன் அதற்குள் நுழைந்த பிறகு பாதையை அடைத்திருக்கிறாய். எத்தனை தந்திரக்காரி நீ! என்னிடம் மட்டும் ஏன் எதிலும் ஜெயிக்கப் பார்க்கவில்லை?

இப்போது ஞாயிறு இரண்டு மணிக்குக் கடையைப் பூட்டிவிட்டு அவர்களோடு நானும் ஆடுகிறேன். பெரும்பாலும் நான்தான் முதலில் தோற்கிறேன். அவர்கள் உன்னைப் பற்றிப் பேசாத வாரம் கிடையாது. போன வாரம் முரளி ஒன்று சொன்னான். மலைப்பாதையில் பாறை விழுந்து உன் பஸ் நின்றுவிட்ட அன்று, மேலே போய்ச் சேர்ந்ததும் நீ அனுப்பிய செய்தியாம்: "படை வழியில நின்னுப்போச்சி. டிரைவர் பீடி புடிச்சிக்கினு இருந்தாரு. அதனால போர் ஒரு மணி நேரம் லேட்டு." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பாறை விழுந்த அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, பஸ் லேட்டு என்று மட்டும்தான் நீ என்னிடம் சொன்னாய். வயிறு எரிந்தது. இது ஆறும் என்று எனக்குத் தோன்றவில்லை.

"அப்புறம்?" என்று முரளியிடம் கேட்டேன். "அப்புறம் இன்னா சொன்னா?"