உன் அம்மாவின் சைக்கிளும் நான் மாட்டிய சாமான்களும்

அன்புள்ள குட்டிம்மாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் அதே மாதிரி இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உடம்புக்கு என்றுதான் எழுதியிருக்கிறேன், கவனித்துப் படி. மனதைப் பற்றிக் கேட்டால் இன்றைக்கு மதியத்திலிருந்து நான் நானாக இல்லை. கடைத்தெருவிலிருந்து திரும்பும்போது நம் வீட்டைத் தாண்டிப் போய் அடுத்த வீட்டுக் கேட்டைத் திறந்து உள்ளே நுழைந்துவிட்டேன், துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அந்த வீட்டம்மா என்ன சார் யாரு வேணும் என்று கேட்ட பிறகுதான் சுதாரித்தேன். மாலையில் போன் செய்தால் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சொல் விடாமல் கேட்பாள், பகலில் செய்தால் உனக்கு அங்கே தூங்குகிற நேரம், அதனால்தான் பேனாவை எடுத்தேன். அவள் வேலையிலிருந்து வருவதற்குள் எழுதி முடிக்க வேண்டும், கையெழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் உனக்கு என்னவெல்லாம் தெரியும் என்பதே இப்போது எனக்குச் சந்தேகமாகிவிட்டதால் என் பக்கத்து நியாயத்தை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். நான் ஓய்வு பெற்ற கையோடு நான் ஓட்டிக்கொண்டிருந்த பஸ்ஸையே நிறுத்திவிட்டார்கள். அந்த பஸ்ஸில்தான் உன் அம்மா தையல் கம்பெனிக்குப் போய் வந்தாள். அங்கே எட்டு மணிக்குக் கேட்டைச் சாத்திவிடுவார்கள், வேறு பஸ் என்றால் இரண்டு இடத்தில் மாற வேண்டும், அப்படி அடித்துப் பிடித்துப் போனாலும் சாத்திய கேட்டைத்தான் பார்க்கலாம். நாலு நாள் இப்படிப் போனால் அவள் ஆஸ்பத்திரி உடுப்புக்குத் துணி வெட்டுகிற அந்த மேஜையில் வேறு ஒருத்தியை நிற்க வைத்துவிடுவார்கள். சரி, உழைத்தது போதும், வீட்டில் இரு என்றேன். மறுநாள் காலையில் பார்த்தால் மாடிப்படிக்கு அடியிலிருந்து உன் பழைய சைக்கிளை இழுத்துப் போட்டுத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உனக்கு எங்கே இதெல்லாம் ஓட்டத் தெரியும் என்று கேட்டால், ஸ்கூலுக்கு அதுலதான் போனேன், நீங்க கேட்டதே இல்ல என்கிறாள். பஸ்ஸில் நான் லேசாக பிரேக் போட்டாலே முன்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் கட்டிக்கொள்கிறவள் சொல்கிற பேச்சா இது! ஒரு வாரம் சண்டை. கடைசியில் நான் ஒரு சட்டம் போட்டேன். போய்க்கொள், ஆனால் ஒரே ஒரு தடவை கீழே விழுந்தாலும் அன்றோடு சைக்கிளும் போச்சு வேலையும் போச்சு என்றேன். அவளும் தலையாட்டினாள். உன்னிடம் சொன்னபோது நீயும் நல்ல பிள்ளை மாதிரி சரிப்பா என்றாய்.

என் பயம் என்ன பயம் என்று உனக்குத் தெரியாது. டிரைவர் சீட்டில் உட்கார்ந்தவனைக் கேள். சைக்கிளில் வருகிற ஆள் பக்கத்துக் கண்ணாடியில் தெரிவார், அடுத்த நொடி தெரிய மாட்டார், முன்னால் போனாரா பின்னால் நின்றாரா சக்கரத்துக்கு அடியில் போனாரா என்று மாறி மாறி இரண்டு கண்ணாடியையும் பார்க்க வேண்டும். அந்த இடத்தில் உன் அம்மாவை நினைத்துப் பார்த்தேன், சாப்பாடு இறங்கவில்லை. அதனால்தான் ஸ்பேனரைக் கையில் எடுத்தேன். மட்கார்டு, செயின் கவர், புது பிரேக் கட்டை, இதெல்லாம் யாரும் போடுவதுதான். நான் அதோடு நிற்பேனா? ஹேண்டில்பாரின் இரண்டு பக்கமும் பெரிய கண்ணாடி வைத்தேன், பெல் போதாதென்று ஹாரன் வைத்தேன், முன்னால் ஒரு விளக்கு பின்னால் இரண்டு விளக்கு, தூரத்திலிருந்தே தெரியட்டும் என்று ஒரு கம்பியில் சிவப்புக் கொடி. சீட்டை முழுக்க இறக்கி இரண்டு பாதமும் தரையில் அழுத்தமாகப் பதிகிற மாதிரி வைத்தேன், தடுமாறினால் சட்டென்று கால் ஊன்றலாமே. கேரியர் மேல் இரும்புப் பெட்டி, அதற்குள்ளே முதலுதவிச் சாமான், மழைக்கோட்டு, காற்றடிக்கிற பம்பு, ஒட்டுப் போடுகிற சாமான், டார்ச் லைட். பெட்டிக்கு எங்கள் பஸ் கலரையே அடித்து, பின்புறம் பாதுகாப்பான இடைவெளி விடவும் என்று என் கையாலேயே எழுதினேன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் புதிதாக ஏதாவது ஒன்று ஏறும். நீ என்ன சைக்கிளுக்குப் பர்மிட் வாங்கப் போகிறாயா என்று உன் சித்தப்பா கேலி செய்தான், அவனுக்கென்ன. அம்மா மட்டும் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, நல்லா இருக்குங்க, ரொம்ப நல்லா இருக்கு என்பாள். எனக்கு அப்படி ஒரு பெருமை.

நடுவில் ஒரு நாள் மாலை அவள் முழங்கால் கன்றிப்போய் வந்தாள். கேட்டதற்கு, மேஜை இடிச்சிருச்சுங்க என்றாள். நான்தான் தைலம் தேய்த்துவிட்டேன். தேய்த்ததோடு விட்டேனா, மேஜை ஓரத்துக்கு ரப்பர் ஒட்டச் சொல்லி உங்க சூப்பர்வைசர்கிட்ட பேசு, நான் வேணா வந்து பேசட்டுமா என்று புத்தி வேறு சொன்னேன். அவளும் அதை முகம் மாறாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். இதை எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது.

இனி இன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். பின்விளக்கு ஒன்று மினுக் மினுக் என்று எரிகிறதே, மாற்று பல்பு வாங்கலாம் என்று மதியம் தெருமுனை சைக்கிள் கடைக்குப் போனேன். அந்தக் கடைக்காரரை உனக்கு ஞாபகம் இருக்கும், நீ சின்ன வயதில் சொட்டை மாமா என்று கூப்பிட்டு என்னிடம் திட்டு வாங்குவாயே, அவர்தான். உள்ளே நிமிர்ந்து பார்த்தால் சுவரில் என் கண்ணாடிகள் இரண்டும் தொங்குகின்றன. பக்கத்தில் ஹாரன். மூலையில் கொடிக் கம்பி. கீழே தரையில் என் பெட்டி, பாதுகாப்பான இடைவெளி விடவும் என்று என் கையெழுத்தே என்னைப் பார்க்கிறது. அவளுக்கு ரோட்டில் ஏதோ ஆகிவிட்டது, உடைந்த வண்டியிலிருந்து கழற்றி இங்கே கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். அப்புறம் பெட்டியில் ஒரு கீறல்கூட இல்லை என்று பார்த்ததும் அந்த பயம் அப்படியே கோபமாகிவிட்டது, கம்பெனி வாசலில் நிற்கிற வண்டியிலிருந்து எவனோ திருடிக்கொண்டுவந்து இந்த ஆளிடம் விற்றிருக்கிறான் என்று முடிவு கட்டிவிட்டேன். திருட்டுச் சாமான் வாங்குறியா என்று அந்த மனுஷனின் சட்டையைப் பிடித்துவிட்டேன், குட்டிம்மா. உன் அப்பா, இந்த வயதில், நடுத்தெருவில். எதிர்க் கடையிலிருந்து ஆட்கள் எழுந்து வந்துவிட்டார்கள். அவர் பாவம், டிரைவர் சார் டிரைவர் சார் சட்டையை விடுங்க, இது திருட்டு இல்ல, அக்காதான் தினமும் காலைல கழட்டி வச்சிட்டுப் போறாங்க என்றார். சட்டையை விட்டேன்.

தினமும் காலையில் நான் வாசலில் நின்று கையசைத்து அனுப்புகிறேன் அல்லவா, அவள் நேராகத் தெருமுனைக்குப் போய் எல்லாவற்றையும் கழற்றி வைத்து, சீட்டை ஒரு சாண் உயர்த்தி முடுக்கிக்கொண்டு கிளம்புகிறாளாம். மாலையில் வந்து சீட்டை இறக்கி, பெட்டியைத் தூக்கி வைத்து, கண்ணாடி மாட்டி, கொடியைச் சொருகிக்கொண்டு வீட்டுக்கு வருகிறாளாம். எப்போதிலிருந்து என்று கேட்டேன். அவர் முதலில் மழுப்பினார், நான் விடவில்லை. விழுந்தாங்களே அன்னையிலேர்ந்து என்றார். ரவுண்டானா திருப்பத்தில் நின்ற வேனில் கண்ணாடி உரசி, பெட்டியின் கனம் ஒரு பக்கம் சாய்த்து, வண்டியோடு விழுந்தாளாம். பெட்டியில் விழுந்த கீறலுக்கு இவர்தான் அதே கலரைத் தொட்டு அடித்துக் கொடுத்தாராம். அந்த முழங்கால், குட்டிம்மா, மேஜை இடித்தது இல்லை. சீட்டு அவ்வளவு கீழே இருந்தால் முட்டி மடங்கியே கிடக்கும், மிதிக்கப் பலமே இருக்காது, எப்படி சமாளிக்கிறது என்று அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போகிறார். நான் காப்பாற்றுவதற்கு என்று மாட்டியதெல்லாம் சேர்ந்து அவளைத் தள்ளிவிட்டிருக்கிறது. அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார், சட்டையைப் பிடித்தவனுக்கு.

அதோடு விட்டாரா. சீட்டு எவ்வளவு உயரம்னு உங்க பொண்ணுதான் வீடியோ கால்ல பார்த்துச் சொன்னாங்க, குதிகாலைப் பெடல்ல வச்சா கால் நேரா நீளணும்னாங்க, கரெக்டா இருந்துச்சு என்று உன்னைப் பாராட்டுகிறார். நீயுமா! வாரா வாரம் என்னிடம் போனில் பேசி, கண்ணாடி மாட்டினேன் என்றால் சூப்பர்ப்பா, கொடி வைத்தேன் என்றால் ஐடியா நல்லா இருக்குப்பா என்று சொன்ன அதே வாய்தானா? அம்மாவும் மகளும் சேர்ந்து என்னை இப்படி ஏமாற்றுவீர்கள் என்று கனவில்கூட நினைக்கவில்லை. கழட்டினதைக் கழட்டினபடியே விட வேண்டியதுதானே, எதுக்கு மறுபடி மாட்டிக்கிட்டு வர்றா என்று அவரிடம் கத்தினேன். அதற்கு அவர் சொன்னதைக் கேள். நானும் கேட்டேன் சார், வேலைய விட்டதுலேர்ந்து அவர் மூஞ்சில களையே இல்ல, அந்த ஸ்பேனரப் புடிக்கும்போதுதான் பழைய ஆளா இருக்காரு, அதக் கெடுக்க வேணாம்னு அக்கா சொன்னாங்க என்றார். நான் எழுந்து வந்துவிட்டேன். பல்பு வாங்க மறந்துவிட்டேன்.

இப்போது சொல், நான் என்ன செய்யட்டும்? நான் போட்ட சட்டப்படி பார்த்தால் அவள் விழுந்தாயிற்று, சைக்கிளும் இல்லை வேலையும் இல்லை. கேட்டால் அவளும் மறுக்க மாட்டாள், சொன்ன சொல்லுக்கு நிற்கிறவள், கத்தரியைக் கொண்டுவந்து அலமாரியில் வைத்துவிட்டு என் எதிரே உட்கார்ந்துவிடுவாள். அதை நினைத்தாலும் பகீர் என்கிறது. கேட்காமல் விட்டால் தினமும் இரண்டு வேளை எனக்காக அந்த இரும்புப் பெட்டியைத் தூக்கிச் சுமப்பாள். பயம் மட்டும் எனக்குப் போகவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். சித்தப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, சமையலறைக் கூரையில் ஒழுகல் நின்றது, உன் அறைக்கு வெள்ளையடித்தாயிற்று, இதெல்லாம் விவரமாக எழுத நினைத்தேன், எதுவும் ஓடவில்லை. வாசலில் பெல் சத்தம் கேட்கிறது, வந்துவிட்டாள். நிறுத்துகிறேன்.

மேலே உள்ளது நேற்று எழுதியது. இன்று காலை நடந்ததையும் சேர்த்து எழுதிவிட்டுத்தான் தபாலில் போட வேண்டும். நேற்று மாலை எல்லாம் மாட்டிய கோலத்தில் வந்து நின்றாள், கொடி உட்பட. நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளும் டீ குடித்துவிட்டு, இன்னைக்கு ரொம்ப நேரம் நிக்க வச்சிட்டாங்க என்று காலை நீட்டிக்கொண்டாள். எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. காலையில் அவள் குளித்துவிட்டு வருவதற்குள் நான் வாசலில் உட்கார்ந்து பெட்டியின் நட்டைக் கழற்ற ஆரம்பித்துவிட்டேன். என்னங்க பண்றீங்க என்று வந்து நின்றாள். அடியில துருப்பிடிக்குது, பெயின்ட் அடிக்கணும், கொஞ்ச நாள் ஆகும் என்றேன். கண்ணாடி எதுக்குக் கழட்டறீங்க என்றாள். ஆடுது என்றேன். கொடி? வெளுத்துப்போச்சு என்றேன். கடைசியாகச் சீட்டுக் கம்பியின் திருகைத் தளர்த்தி ஒரு சாண் மேலே தூக்கி வைத்து, உட்கார்ந்து பாரு என்றேன். சாப்பாட்டு டப்பாவை வெறும் கேரியரில் வைத்துக் கட்டிக்கொண்டாள், ஏறி உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வைத்துப் பார்த்தாள், கால் நேராக நீண்டது. தெருவுக்கு வந்ததும் ஒரு காலை ஊன்றி நின்று, என் பக்கம் திரும்பாமலே, ஒரு தடவைதாங்க விழுந்தேன் என்றாள். சொன்ன கையோடு மிதித்துக்கொண்டு போய்விட்டாள். நான் என்ன சொல்வேன் என்று கேட்க அவள் நிற்கவில்லை. நிற்காததும் நல்லதுதான், எட்டு மணிக்குக் கேட்டைச் சாத்திவிடுவார்கள். நான்தான் ஸ்பேனரைக் கையில் பிடித்தபடி வெகு நேரம் தெருவில் நின்றேன். அவ்வளவு வேகமாக அவள் ஓட்டி நான் பார்த்ததே இல்லை. பயமாகத்தான் இருந்தது, பார்க்க நன்றாகவும் இருந்தது.

நீயும் மாப்பிள்ளையும் ஒருவருக்கொருவர் துணையாக, நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். நேரத்துக்குச் சாப்பிடு, குளிர் காலத்தில் காதை மூடிக்கொண்டு வெளியே போ, பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறதா என்று வாரம் ஒரு தடவை பார். நீயும் அங்கே வேலைக்குச் சைக்கிளில்தான் போய் வருகிறாய், இத்தனை நாளாக எல்லாம் சௌக்கியம்ப்பா என்று மட்டுமே சொல்லி வருகிறாய். நீ எத்தனை தடவை விழுந்தாய் என்று மறைக்காமல் எழுது. நான் சட்டம் ஒன்றும் போட மாட்டேன்.

இப்படிக்கு,
உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அப்பா