பந்தல் குழிகள்

வெள்ளகோவில்
22.7.2025, செவ்வாய்

என் பிரியமுள்ள ஷைலாவுக்கு,

ஸ்தோத்திரம். இங்கே நான் சுகம். நீயும், உள்ளே இருந்துகொண்டு உன்னைத் தூங்கவிடாத நம் பிள்ளையும், நாசரேத்தில் மாமாவும் அத்தையும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன்.

வருகிற சனிக்கிழமை வர முடியாது என்று நேற்று சொன்னதும் போனை வைத்துவிட்டாய். அப்புறம் கூப்பிட்டபோதெல்லாம் அத்தைதான் எடுத்தார்கள். நீ தூங்குகிறாய் என்றார்கள். பக்கத்திலேயே நீ மூக்கை உறிஞ்சுவது எனக்குக் கேட்டது. அதனால்தான் எழுதி கூரியரில் போடுகிறேன். கோபம் இருந்தால் கிழித்துப் போடு, ஆனால் படித்துவிட்டுக் கிழி.

குப்பைக் கிடங்குக் குழியில் களிமண் தளம் போன வாரம் முடிந்தது என்று சொன்னேன் அல்லவா? குளத்திலிருந்து கொண்டுவந்த மண். தண்ணீர் தெளித்து, ரோலர் ஓட்டி, அடுக்கடுக்காக இறுக்கி, கல்யாண மண்டபத் தரை போலச் சமமாக வைத்திருந்தோம். குப்பையிலிருந்து வடிகிற கழிவுநீரைப் பூமிக்குள் விடாமல் தடுப்பது அதுதான். வேலை முடிந்த சந்தோஷத்தில் கான்ட்ராக்டர் ஞாயிற்றுக்கிழமை கிடா வெட்டி எல்லோருக்கும் சோறு போட்டார். நான் ஆராதனை முடிந்து போனபோது பந்தி நடந்துகொண்டிருந்தது. பசியில் எதையும் கவனிக்காமல் நானும் உட்கார்ந்து இரண்டு தடவை கறி வாங்கினேன். மூன்றாவது தடவைக்கு இலையை நகர்த்தும்போதுதான் பக்கத்தில் இருந்த பந்தல் காலைப் பார்த்தேன். வெயிலுக்குப் பந்தல் போட இடம் தேடியவர்கள், சமமாகவும் குளுகுளுவென்றும் இருக்கிறதே என்று களிமண் தளத்தின் மேலேயே போட்டுவிட்டார்கள். ஒவ்வொரு மூங்கிலுக்கும் கடப்பாரையால் இடுப்பளவு ஆழத்துக்குக் குழி. கத்திவிட்டேன், ஷைலா. எச்சில் கையோடு நின்று எல்லோர் முன்னாலும் கத்தினேன்.

தளம் சரியென்று நான் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த வேலை நடக்கும். கான்ட்ராக்டரின் மேனேஜர் ரூபன் என்னைத் தனியாக அழைத்துப்போனார். குழியில் மண்ணைத் தள்ளி மூடிவிட்டால் மேலே பிளாஸ்டிக் ஷீட் வந்துவிடும், யாருக்குத் தெரியப் போகிறது என்றார். "கையெழுத்தப் போட்டுபோட்டு ஊருக்குக் கெளம்புங்க சார். சம்சாரம் மொகத்தப் பாருங்க, டிக்கெட்டு நானே போடறேன்" என்றார். உன் பேச்சை எடுத்ததும் எனக்குச் சபலம் தட்டியது. பொய் சொல்ல மாட்டேன். பேனாவைக்கூட எடுத்துவிட்டேன்.

அப்போது நம் வீட்டுக்கார முத்தாத்தாள் அம்மாவின் ஞாபகம் வந்தது. போன வாரம் அவர் ஆள் வைத்துக் கிணற்றைத் தூர் வாரினார். திடீரென்று ஏன் என்று கேட்டேன். "ஏனுங்க தம்பி, அம்மணி கொழந்தையோட வந்தா தண்ணி ஊத்தோணுமில்லீங்களா?" என்று என்னையே கேட்டார். அந்தக் கிணறு கிடங்குக்குக் கீழே பள்ளத்தில் இருக்கிறது. ஷீட் என்றைக்காவது கிழியும். அன்றைக்குக் கழிவுநீரைத் தடுக்கக் கீழே இருப்பது களிமண் மட்டும்தான். பேனாவைச் சட்டைப்பையில் திரும்ப வைத்துக்கொண்டேன்.

இப்போது ஒவ்வொரு குழியையும் அகலமாக வெட்டி, பழைய மண்ணோடு சேரும்படி புது மண்ணை ஈரம் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு இடித்து இறுக்குகிறோம். ஆடிக்காற்று பேயாய் அடிக்கிறது. காய்ந்தால் தளம் முழுக்க வெடித்துவிடும். சப்பாத்தி மாவை ஈரத்துணி போட்டு மூடுவாயே, அதுபோல இங்கே கூலி வேலைக்கு வருகிற பொற்கொடி அக்காவும் மற்றவர்களும் ஈரச் சாக்குகளை விரித்து மூடுகிறார்கள். அந்த அக்காதான் என்னைத் திட்டுகிறார்: "களிமண்ணு எங்கீங்க ஓடிப் போவுது? பெறப்போறவளுக்குப் பக்கத்துல இருக்கோணுமுங்க." நான் நகர்ந்தால் அன்றைக்கே ரூபன் சும்மா மண்ணைத் தள்ளி மூடிவிடுவார் என்று சொன்னேன். அக்கா சாக்கை நனைக்கப் போய்விட்டார்.

வேலை முடிய அடுத்த புதன்கிழமை ஆகிவிடும். அன்று ராத்திரியே பஸ் ஏறிவிடுவேன். டாக்டர் சொன்ன தேதி அதற்கு முன்னால் வருகிறது என்று எனக்குத் தெரியும். நான் பயந்துபோய்த்தான் இருக்கிறேன். நீ வலியில் கூப்பிடும்போது நான் இங்கே மண்ணுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருப்பேனோ என்று நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை.

நான் சொன்னதாக வயிற்றைத் தடவிப் பிள்ளையிடம் சொல்: அப்பா வரும்வரை கொஞ்சம் பொறுத்துக்கொள்ளட்டும். உன் பிடிவாதம் அதற்கும் இருந்து, கேட்காமல் வந்துவிட்டால், முதல் தண்ணீரை அத்தை ஊற்றட்டும். இந்த வீட்டுக்கு நீங்கள் வருகிற அன்றைக்கு முதல் வாளியை அந்தக் கிணற்றிலிருந்து நான் இறைத்து ஊற்றுகிறேன், பயப்படாமல் ஊற்றுகிறேன். அதுவரை கர்த்தர் உன் தலைமாட்டில் நான் நிற்க வேண்டிய இடத்தில் நிற்பாராக. ஒரே ஒரு தடவை போனை நீ எடு, ஷைலா.

உன்
ஷெர்வின்