உணக்கிப் பார்த்த வில்லை

நகச்சாயம் அழிக்க மகள் குப்பியைத் திறந்தாள். அசிட்டோன் வாடை அறை முழுக்கப் பரவியது. அவ்வளவுதான், தொண்ணூறுகளின் ஓர் இடவப்பாதி மழையில், கல்லூரி ஆய்வகத்தில் உன் பக்கத்தில் போய் நின்றுவிட்டேன்.

உதியன்குளங்கரையில் பஸ் ஏறி உனக்கும் இடம் பிடித்து வைப்பேன். அதியன்னூரில் நீ நனைந்துகொண்டே ஏறுவாய். ஆய்வகத்தில் எல்லாரோடும் மலையாளம். நமக்குள் சண்டை மட்டும் தமிழில்.

பேட்டரிக்குள் ஒரு சொட்டுத் திரவமும் இல்லாமல், கல் மாதிரி கெட்டியான பொருள் வழியே சோடியத்தை ஓடவைக்க வேண்டும். அதுதான் நம் வேலை. பொடிகளில் அசிட்டோன் விட்டுக் கல்வத்தில் நாளெல்லாம் அரைப்போம். "எடி, எங்க வீட்டுல தொவையலுகூட நான் அரைச்சது கெடையாது" என்பாய். பிறகு அதைக் காசு அளவு வில்லையாக அழுத்தி உலையில் சுடுவோம். பெரும்பாலும் விரிசலோடுதான் வெளியே வரும்.

உனக்கோ மாப்பிள்ளை பார்த்தாகிவிட்டது. நல்ல முடிவு வந்தால் உதவித்தொகை நீளும், கல்யாணம் தள்ளிப்போகும். இல்லையென்றால் சபையில் கல்யாண ஓலை வாசித்துவிடுவார்கள், படிப்பு அத்தோடு சரி.

அந்த நேரம் பார்த்து விரிசல் இல்லாத வில்லை ஒன்று கிடைத்தது. மின்கடத்தலை அளந்தோம். நினைத்ததைவிடப் பல மடங்கு! நான் உன்னைக் கட்டிப்பிடித்துக் கத்தினேன். நீ ஜன்னல் வழியே மழையைப் பார்த்தாய்.

"எடி, இது மழைக்க வேலையாக்கும். வில்லை ஈரத்தக் குடிச்சிருக்கும். உணக்கிப் பாப்போம்."

"ஒனக்குக் கிறுக்கா மக்கா? வந்த சீதேவிய வெரட்டாத. ஆருக்குத் தெரியும்? மிண்டாம எழுது."

"எனக்குத் தெரியுமே" என்றாய்.

அடுப்பில் வைத்து ஈரம் போக உணக்கினோம். மறுநாள் அளந்தால், ஐயோ, அந்தப் பெரிய அளவு போன இடம் தெரியவில்லை. நீ அந்தச் சின்ன அளவைத்தான் எழுதிக் கொடுத்தாய். ஓலை வாசித்தார்கள். உன் கல்யாணத்தில் நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றேன். நீ பட்டுச்சேலையில் நின்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தாய், பாவி.

சோடியம் பேட்டரி என்று இப்போது எங்கே செய்தி வந்தாலும் எனக்குக் கோபம் வருகிறது, உன்மேல்தான். ஆனாலும் யார் என்ன நல்ல சேதி கொண்டுவந்தாலும் என் வாயில் முதலில் வருவது உன் பேச்சுத்தான். "உணக்கிப் பாத்தாச்சா?" என்று கேட்டால் மகள் தலையில் அடித்துக்கொள்கிறாள்.

போன மாதம் உன் தம்பி போனில் அழுதான். அக்கா போயிட்டா என்றான்.

"நல்லா பாத்தியளா? இன்னொருக்கா பாக்கச் சொல்லு மக்கா" என்றேன்.

நீ சொன்னபடி எத்தனையோ முறை சரிபார்த்திருக்கிறேன். முதலில் பார்த்தது தப்பாக இருக்கட்டும் என்று கெஞ்சியது அன்று மட்டும்தான்.