மிரானின் கோப்பை

சொங்னாம்
ஏப்ரல் 3

அன்புள்ள மிரானுக்கு,

ஒரு மாதத்துக்குப் போன் பண்ணக் கூடாது என்றாய், பண்ணவில்லை. கடிதம் எழுதக் கூடாது என்று நீ சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். வோன்ஜுவில், உன் அக்கா வீட்டுப் பக்கம் குளிர் விட்டதா? இங்கே மஞ்சள் தூசி வந்துவிட்டது. ஜன்னலைத் திறக்க முடியவில்லை.

நேற்று மதியம் நடந்ததை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நீ எப்போதும் திட்டுவாயே, எங்கள் அலுவலகத்தில் உருவாக்கும் அந்தச் செயலிதான். போனை ஒரு சாமானுக்கு நேரே பிடித்தால், இது இன்னாருடையது என்று கண்டுபிடித்துச் சொல்லும். அதற்காக ஜனவரியில் நம் வீட்டுச் சாமான்களைச் சுற்றிச் சுற்றி ஸ்கேன் செய்தேன் அல்லவா? நேற்று போனைச் சமையலறை மேசைப் பக்கம் திருப்பினேன். மேசையில் ஒன்றுமே இல்லை. போனில் ‘மிரானின் கோப்பை’ என்று எழுத்து வந்தது. கோப்பை என்றால் செயலி வரைந்து காட்டுமே, அந்த ஆவி திரையில் வெறும் இடத்துக்கு மேல் பறந்தது. நீ பின்னால் நிற்கிறாயோ என்று திரும்பிப் பார்த்தேன்.

அலுவலகத்தில் இதைச் சொன்னதும் எங்கள் குழுத் தலைவர் மா விழுந்து விழுந்து சிரித்தார். “யோவ் கிதே, ஸ்கேன் பண்றப்போ திரையில வர்ற கட்டத்தைக் கோப்பையை ஒட்டிப் போடணும்யா. நீ மேசையையும் சேத்துப் போட்டுருக்க. உன் போன் கோப்பையைப் பார்க்கவே இல்ல. மேசையில இருக்கிற சூட்டுத் தழும்பைத்தான் மனப்பாடம் பண்ணி வச்சிருக்கு.” நீ குழம்புச் சட்டியை இறக்கி வைத்துக் கரிந்துபோன வட்டம். நேற்று வேலைக்குச் சேர்ந்தவன்கூட இந்தத் தப்பைச் செய்ய மாட்டான்.

கோப்பை உன் பெட்டியில்தான் வந்திருக்கும். உன் போனிலும் செயலி இருக்கிறது. ஒரு தடவை காட்டிப் பாரேன்.

இருபத்தொன்றாம் தேதி நீதிமன்றத்தில் இருவரும் நேரில் நின்று சம்மதம் சொன்னால்தான் விவாகரத்து. எனக்கு அந்த வார்த்தை வாயில் வராது. வீட்டுக்கு வந்துவிடு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கோப்பையைப் பற்றி எழுதிவிட்டேன்.

உன்,
கிதே

வோன்ஜு
ஏப்ரல் 9

கிதேவுக்கு,

நலம். நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா?

காட்டிப் பார்த்தேன். அக்கா வீட்டு மேசையில், ஜன்னல் வெளிச்சத்தில், நான்கு பக்கமும் திருப்பித் திருப்பிக் காட்டினேன். போன் வாயே திறக்கவில்லை. பக்கத்தில் இருந்த மிசோன் அக்கா, “அப்படியே உன் புருஷன் மாதிரிதான்டி இருக்கு. எதிர்ல வச்சாலும் தெரியாது” என்றாள். சிரித்துவிட்டேன்.

அப்புறம் கோப்பையைக் கவிழ்த்தேன். அடியில் உங்கள் கையெழுத்தில் ‘மிரான்’ என்று ஒரு சீட்டு. இது என் கோப்பை இல்லை. இந்தச் சீத்தாப்பழப் படம் போட்டது உங்கள் அலுவலகத்தில் கொடுத்தது. இதில் நான் ஒரு நாளும் ஒரு வாய்கூடக் குடித்ததில்லை. என் பெட்டிக்குள் இதை வைத்ததும் நீங்கள்தான்.

என்னுடையது வெள்ளைக் கோப்பை. ஜனவரியில் அதைத்தான் உங்கள் முன்னால் கொண்டுவந்து வைத்தேன். “வெறும் வெள்ளை, பளபளப்பு வேற. இதுல போனுக்கு அடையாளம் பிடிக்க ஒண்ணுமே கிடைக்காது, எடு” என்று தள்ளி வைத்தீர்கள். நினைவிருக்கிறதா? பதினொரு வருடம் எதிரெதிரே உட்கார்ந்து குடித்திருக்கிறோம். மேசையைத் தப்பாகப் படித்தது போன். நீங்கள் எதைப் படித்தீர்கள்?

மிரான்

சொங்னாம்
ஏப்ரல் 14

மிரான்,

உன் கடிதத்தைப் படித்ததும் நேரே சமையலறைக்குப் போனேன்.

வெள்ளைக் கோப்பை அலமாரியில் பின்வரிசையில் இருந்தது. நாற்பது தடவை ஸ்கேன் செய்தேன். ஒன்றும் பதியவில்லை. “மேல கொஞ்சம் மாவு பூசு, இல்ல நாலு ஸ்டிக்கர் ஒட்டு” என்றார் மா. எனக்கு மனம் வரவில்லை. போனை வைத்துவிட்டு, அதில் பார்லித் தண்ணீர் ஊற்றிக் குடித்தேன். வலது கையால் பிடித்தால் விளிம்பின் உடைசல் உதட்டில் குத்துகிறது. நீ இடது கையால் குடித்தது இதனால்தானா? அது என்ன ஸ்டைல் என்று கேலி செய்துகொண்டே இருந்தேன். கல்யாணமான முதல் வருடம் அதைக் கழுவும்போது இடித்தவன் நான்தான். வெட்கமாக இருக்கிறது மிரான்.

செயலியிலிருந்து உன் பெயரை எடுத்துவிட்டேன். இருபத்தொன்றாம் தேதி அந்தக் கோப்பையோடு வருகிறேன். இனி எனக்கு மேசையும் வேண்டாம், கட்டமும் வேண்டாம். எந்தக் கூட்டத்தில் நீ நின்றாலும் கண்டுபிடிப்பேன்.

கிதே

வோன்ஜு
ஏப்ரல் 22

கிதேவுக்கு,

நேற்று நான் வராததால் நீங்கள் சந்தோஷப்பட்டிருப்பீர்கள். நான் வந்திருந்தேன்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். சம்மதம் இல்லை என்று சொல்லத்தான் புறப்பட்டேன். முந்தின நாள் முடியைக் கழுத்தளவுக்கு வெட்டிக்கொண்டேன். அக்காவின் கோட், தூசிக்காக முகமூடி. உங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தேன்.

துண்டில் சுற்றிய கோப்பையோடு நீங்கள் வந்தீர்கள். எழுந்திருக்கப் போனேன். நேராக என்னிடமே வந்து, “ஏங்க, பக்கத்து இடம் காலியா?” என்று கேட்டீர்கள். தலையாட்டினேன். இருபது நிமிடம் என் பக்கத்தில் உட்கார்ந்து, கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் இடது கையால் தண்ணீர்கூடக் குடித்தேன். இதோ திரும்புவார், இதோ திரும்புவார் என்று காத்திருந்தேன்.

‘நா மிரான்’ என்று என் முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். நீங்கள் எழுந்து கூடம் முழுக்கத் தேடினீர்கள். “அவங்க வரல சார்” என்று நீங்கள் சொன்னபோது உங்கள் கோட்டு நுனி என் முழங்காலில் பட்டது. நான் எழவில்லை.

நான் உங்கள்மேல் கோபமாக இல்லை. வாசலைப் பார்த்திருந்த உங்கள் தவிப்பைப் பார்த்தேன், அது நிஜம்தான். கோப்பை உங்களிடமே இருக்கட்டும். உடைசல் பக்கம் பார்த்துக் குடியுங்கள்.

ஒருவர் வரவில்லை என்று பதிந்ததால் இருபத்தெட்டாம் தேதி மறுபடி கூப்பிடுவார்கள். அன்று என்னைத் தேட வேண்டாம். பெயரைச் சொன்னதும் நானே எழுந்து நின்று சம்மதம் சொல்கிறேன்.

நா மிரான்