பூனைக்குப் போன பங்கு

அன்புள்ள வாப்பாவுக்கு,

முதலில் நேற்றைய கூஸ்கூஸைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு.

ரபாத் மாணவியர் விடுதியிலும் நம் வீட்டைப் போலத்தான், வெள்ளிக்கிழமை மதியம் ஆறு பேருக்கு ஒரே தட்டில் கூஸ்கூஸ். நீங்கள் சொன்னபடி மூன்று மாதமாக அந்த நேரத்திலும் அறையில் ரொட்டியைக் கடித்துக்கொண்டு கணக்குதான் போட்டேன். நேற்று ஒரு கணக்கு வரவே இல்லை. எரிச்சலில் கீழே இறங்கிப் போனேன். ஐந்து பேரும் பாதி சாப்பிட்டிருந்தார்கள். தட்டில் வெந்த கோதுமை ரவையின் ஒரு பக்கம் மட்டும் கைபடாமல், பூசணித் துண்டோடு அப்படியே இருந்தது.

“இது யாருக்கு?” என்றேன்.

“ஒனக்குத்தான்டி. வாரா வாரம் ஒன் பக்கத்த விட்டுட்டுத்தான் சாப்பிடுறோம்” என்றாள் என் அறைத்தோழி இஹ்சான். “கடைசில வாசல் பூனைக்குப் போயிடும். ஒன் புண்ணியத்துல அது நல்லா கொழுத்துப் போச்சு.”

சிரித்த சிரிப்பில் எனக்குப் புரையேறிவிட்டது, வாப்பா. வராத கணக்கைப் பற்றிப் பேச வாயெடுத்தேன். “தட்டு முன்னாடி கணக்கு பேசுனா பூசணி கெடையாது” என்று துண்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

ராங்க் கேட்டிருந்தீர்கள். வகுப்பில் மூன்றாவதாக இருந்தவள் இப்போது ஒன்பதாவது. அறையை விட்டு அசையாமல் வாங்கியது அது.

வரும் வெள்ளி நான் கீழேதான் இருப்பேன். பூனை வேறு இடம் பார்த்துக்கொள்ளட்டும்.

உங்கள் மூத்த மகள்