கொட்டாஞ்சேனை மக்கிரெகர்கள்

ஒக்டோபர் 14, செவ்வாய்

காலையில் நல்ல வெயில். பின்னேரம் மழை பிடிக்கும்போல. பிள்ளை பிறக்கும்வரை படுத்தே இருக்க வேண்டுமாம், டொக்டர் சொல்லிவிட்டார். வெள்ளவத்தை, மூன்றாம் மாடி, கடல் காற்று. ரயில் போகும்போது யன்னல் கண்ணாடி மெல்ல நடுங்குகிறது. எது தூக்கம், எது முழிப்பு என்று தெரியாத நாட்கள்.

டடி கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போய்விட்டு நேரே இங்கே வந்தார். கையில் ஒரு சுருள் கடலை, சட்டையில் மெழுகுதிரி மணம். கதையோடு கதையாகக் கேட்டார், பிள்ளைக்கு மக்கிரெகர் என்று எங்கள் பேரையும் சேர்த்து வைப்போமா என்று. என் கணவர் குகனின் அப்பா, மாமா, பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே பதில் சொன்னார்.

"எங்களுக்குக் குடும்பப் பேர் எண்டு ஒண்டும் இல்லை, அண்ணை. தகப்பன்ர பேர்தான் பிள்ளைக்கு."

டடி சிரித்து மழுப்பினார். பிளேன்டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். டடி தேத்தண்ணீர் மிச்சம் வைத்து நான் பார்த்ததே இல்லை.

நான் ஒரே பிள்ளை. என்னோடு பேர் முடிகிறது. அப்படியென்ன பெரிய பேர்? சரி, ஆனாலும்.

ஒக்டோபர் 15, புதன்

மழை. போனும் நானும்.

வாங்க வேண்டியது: நப்பி, டெட்டோல், பிள்ளைக்குத் தொப்பி, குகனுக்குப் பொறுமை.

மக்கிரெகர். ஸ்கொட்லாந்து மலைநாட்டுப் பேர். மக் என்றால் மகன். கிரெகரின் மகன், அவ்வளவுதான். அந்த மலைகளில் ஆதியில் ஒவ்வொரு தலைமுறைக்கும் பேர் மாறுமாம், அவனவனுக்கு அவனவன் அப்பன் பேர். பிறகு ஏதோ ஒரு காலத்தில் மாற்றுவதை நிறுத்திவிட்டார்கள். பேரனுக்குப் பேரனும் இன்னும் அந்தக் கிரெகரின் மகன்தான்.

மாமாவிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு யோசித்தார். அப்ப அவையும் எங்கட ஆக்கள் மாதிரித்தான் என்றார். மதியம் முழுக்க ஒரே சந்தோஷம். கணவாய்க் கறி இரண்டாம் தரமும் போட்டுக்கொண்டார்.

எங்களுக்கு இந்தப் பேர் எப்படி வந்தது? துறைமுகம் கட்ட வந்த வெள்ளைக்காரன் ஒருவனின் பேராம். அவன் பூட்டனாரா, பூட்டனாரின் துரையா, ஞானத்தகப்பனா? கேட்கிற ஆளைப் பொறுத்து டடியின் பதில் மாறும். கண்ணாடியில் நானும் தேடிப் பார்த்தேன். ஒரு வெள்ளைக்காரனும் இல்லை, கொட்டாஞ்சேனை வெயிலில் கறுத்த முகம்தான்.

இன்னொரு கண்டுபிடிப்பு. டடியின் கொட்டாஞ்சேனை வீட்டு ஹோலில் பிரேம் போட்டுத் தொங்குகிறதே கட்டம் போட்ட துணி, ரொறன்ரோ கசின் அனுப்பியது, வருகிறவர்களுக்கெல்லாம் "எங்கட குடும்பத் துணி" என்று டடி காட்டுவது. அந்த மலைகளில் குடும்பத்துக்கு ஒரு கட்டமாம், அது வேறொரு குடும்பத்தின் துணி. எங்களுடையது சிவப்பும் பச்சையும். இது நீலம். சொல்லப்போவதில்லை.

பின்னேரம் கனவு. பனிமூட்டம், மலை, செம்மறி. நுவரெலியா மாதிரியும் இருந்தது. அங்கே ஆண்கள் எல்லோரும் டடியின் கட்டம் போட்ட சாரம் கட்டியிருந்தார்கள். ஒருவர் என் வயிற்றைக் காட்டி, யாருடைய பிள்ளை என்று தமிழில் கேட்டார். பதில் சொல்வதற்குள் ரயில் போய்விட்டது.

ஒக்டோபர் 18, சனி

முகில். கால் வீக்கம். மாமா கோயிலுக்கு, குகன் மார்க்கெட்டுக்கு. டடி வந்தார், பேர் கதை எடுக்கவில்லை. நான்தான் எடுத்தேன்.

மக்கிரெகர் என்ற பேரையே ஸ்கொட்லாந்தில் ஒரு ராசா தடை செய்திருக்கிறான். வைத்திருந்தால் உயிர் போகும். ஆகவே ஊரார் பேர்களைப் போட்டுக்கொண்டு ஒளித்து வாழ்ந்திருக்கிறார்கள், தலைமுறை தலைமுறையாக. சொல்லி முடித்தேன். டடி கடலைத் தோலை மேசையில் ஒதுக்கிக்கொண்டே இருந்தார்.

"எங்களுக்கு அது மற்றப்பக்கமா வேலை செஞ்சது," என்றார்.

நான் பிறக்கமுந்திய கலவரம், தமிழரைத் தேடித் தேடி அடித்த நாட்கள். கிராண்ட்பாஸ் வீதியில் ஒபிஸ் வானை மறித்திருக்கிறார்கள். இறக்கி நிறுத்தி ஒவ்வொருவராகப் பேர் கேட்டிருக்கிறார்கள். டடி மக்கிரெகர் என்றாராம். பறங்கி, வெள்ளைக்காரன் வழிவந்தவன் என்று நினைத்துப் போகச் சொல்லிவிட்டார்கள். அடுத்து நின்றது நடேசன், பக்கத்து மேசைக்காரர். டடியோடு ஒரே பார்சலில் சோறு சாப்பிடுகிறவர். திரும்பி வரவில்லை.

இத்தனை வருடத்தில் நடேசன் என்ற பேரை வீட்டில் நான் கேட்டதில்லை.

"அவனுக்கு அப்பன்ட பேர் மட்டும்தான் இருந்தது, மகள்."

பெருமைக்காகக் கேட்கிறார் என்று நினைத்திருந்தேன். வெளியே போகிற பிள்ளை கையில் குடையைக் கொடுத்துவிடுவதுபோலக் கேட்டிருக்கிறார். அழுகை வந்தது. பிள்ளை உதைத்தது. டடி ஆட்டோ பிடித்துப் போய்விட்டார்.

ஒக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. காலி வீதிப் பக்கம் வெடிச் சத்தம். எண்ணெய்ப் பலகாரம் எனக்குத் தடை, ஒரு முறுக்கு களவாகத் தின்றேன்.

குகனுக்கும் மாமாவுக்கும் சொன்னேன். அதே கலவரத்தில் மாமாவின் முதல் வீடு எரிந்தது. இதே ஒழுங்கையில்தான். மாமா எழும்பிப் போய் பல்கனியில் நின்றார். நின்று, திரும்பி வந்தார்.

"பிள்ளைக்கு அந்தப் பேரை வைக்கச் சொல்லுங்கோ. நான் மறிக்கேல்லை."

டடிக்கு போன் போட்டுச் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், வேறு கேள்வி. அந்த மலைக்காரர் தங்கள் பேரைத் திரும்ப எடுத்தார்களா? ஓம், தடை போன பிறகு என்றேன். ஆராவது ஒராள் முதல்ல பயமில்லாம எடுத்திருக்கோணும் என்ன, என்றார். போனை வைத்துவிட்டார்.

பின்னேரத் தூக்கத்தில் மறுபடி அந்த மலை. மூட்டம் கொஞ்சம் கலைந்திருந்தது.

ஒக்டோபர் 23, வியாழன்

ஆஸ்பத்திரி. மகன். நேற்றுக் காலை, மழைக்குள். தலை நிறைய முடி, குகனின் காது. உடம்பு முழுக்க நோவு, மனம் மிதக்கிறது. ஒரு கையால் எழுதுகிறேன்.

இன்று பார்க்க விடுகிற நேரத்துக்கு முதல் ஆளாக டடி. பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். நேர்ஸ் வந்து சிங்களத்தில் கேட்டா, பிள்ளைக்கு என்ன பேர் போடுவது என்று. குகன் என்னைப் பார்த்தார். மாமா டடியைப் பார்த்தார்.

"குகன்கே புதா," என்றார் டடி, அதே சிங்களத்தில்.

குடும்பப் பேர் இல்லையா என்று நேர்ஸ் திரும்பக் கேட்டா. டடி பிள்ளையின் தொப்பியை நேராக்கினார். இந்தமுறை தமிழில் சொன்னார், வார்டு முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி.

"குகன்ட மகன்."